ஒரு டஜன் பென்சில் அச்சு

அக்டோபர் 9, திங்கள்

ஸ்கூட்டரின் ஆர்.சி. அடுத்த மாதம் 24-ஆம் தேதியோடு முடிகிறது. இன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டேன். கடைசி நாளில் போய் வரிசையில் நின்று முழிப்பது என் வழக்கம் இல்லை. பொதுப்பணித்துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். கோமதிநாயகம் கையில் ஒரு கோப்பு தொலைந்தது என்று எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்.

பீரோ மேல்தட்டிலிருந்து வண்டிக் கோப்பை இறக்கினேன். 1983 நவம்பர் 24-ல் வண்டி எடுத்த ரசீது, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வரிசைப்படி இருக்கிறது. அப்புறம் அந்தப் பழுப்புக் கவர்.

கவரில் இருப்பது சேஸிஸ் நம்பரின் பென்சில் அச்சு. வண்டியின் இரும்பு உடம்பில், பக்கத்து மூடிக்கு உள்ளே, ஒரு நம்பர் வெட்டியிருப்பான். அதன் மேல் மெல்லிசுத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தால் நம்பர் அப்படியே எழும்பி வரும். பிள்ளைகள் காசு மேல் தாளை வைத்துத் தேய்க்குமே, அதேதான். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, இது ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான், புஸ்தகத்தில் உள்ள அதே வண்டிதான் என்று கையெழுத்து வாங்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு அச்சு கேட்பார்கள். மற்றவர்கள் அங்கே மண்ணில் உட்கார்ந்து கை கறுக்கத் தேய்ப்பார்கள். நான் வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு டஜன் எடுத்து வைத்துவிட்டேன். டிராயிங் செக்‌ஷனில் கேட்டு வாங்கின டிரேசிங் பேப்பர், நல்ல மெத்தென்ற பென்சில். "என்ன சார், பிரஸ்ஸுல அடிச்ச மாதிரி இருக்கு" என்று பாராட்டாத இன்ஸ்பெக்டர் இல்லை. பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒருத்தராவது வண்டிப் பக்கம் குனிந்ததில்லை.

ஐந்து தடவையில் பத்து அச்சு போயிற்று. மிச்சம் ரெண்டு. இந்தத் தடவைக்குச் சரி. எனக்கு எழுபத்திமூன்று ஆகிறது. எழுபத்தெட்டுக்கு மேல் ஸ்கூட்டர் ஓட்டி யாரை மிரட்டப்போகிறேன்? ஒரு டஜன் என்பது சரியான கணக்குத்தான்.

அன்றைக்கு ரெண்டு பேராய்ப் போய் ரெண்டு வண்டி எடுத்தோம். ஏழு வருஷம் பதிவுசெய்து காத்திருந்து, ரெண்டு பேருக்கும் ஒரே தபாலில் கடுதாசி வந்தது. என்னுடையது 4417. அவனுடையது 4418. அவன் பெயரை இந்த நோட்டில் எழுதுவதில்லை.

அக்டோபர் 11, புதன்

மெக்கானிக் கனி வந்து பின்சக்கர பிரேக் கட்டை மாற்றினான். "அண்ணாச்சி, ஒங்க வண்டிக்கு நான் வேலை பாக்கேன்னு வெளிய சொல்லாதீய. ஒண்ணுமே செய்யாம காசு வாங்குதாம்பாவ" என்றான். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டோம். ஹாரன் பேட்டரிக்கடை வரைக்கும் கேட்கிறது.

என் வீட்டுக்காரி வடிவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கினேன்.

அக்டோபர் 13, வெள்ளி

காஸ் சிலிண்டர் வந்தது. வடிவு வழக்கம்போல் ஏழு மணிக்கு அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்காவுக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதை மறந்தாலும் இதை மறக்கமாட்டாள். அந்த அக்கா எந்த வழியில் சொந்தம் என்று கேட்டால், "சொன்னா ஒங்களுக்குப் புரியாது" என்கிறாள்.

அக்டோபர் 16, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பத்து மணிக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்குப் போய்விட்டேன். புது இன்ஸ்பெக்டர். பியூலா என்று பெயர், வயது முப்பதைத் தாண்டியிருக்காது. எனக்கு முன்னால் நின்ற ஸ்கூட்டரில் ஹெட்லைட் எரியவில்லை. எரியவைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டாள். புரோக்கர் ஒருத்தன் என் காதில் வந்து, "இந்தம்மா வந்ததுலருந்து பொழப்பு நாறிட்டு அண்ணாச்சி. டயரைத் தொட்டுப் பாக்காவ, பிரேக்கைப் பிடிச்சுப் பாக்காவ" என்று புலம்பினான். "பாக்கதுக்குத்தானவே சம்பளம்" என்றேன். எனக்கு நாக்கில் சனி.

என் வண்டியில் தானே ஏறி உட்கார்ந்தாள். கியர் போட்டாள். இருபதடி போய்ப் பிரேக் பிடித்தாள். கோட்டில் நிறுத்தின மாதிரி நின்றது. லைட், ஹாரன், ஸ்டியரிங், டயர் எல்லாம் பார்த்தாள். "நாப்பது வருஷ வண்டியா சார் இது? நேத்து வந்த வண்டிகூட இப்படி நிக்காது" என்றாள். எனக்கு மார்பு ரெண்டு அங்குலம் விரிந்தது. கவரிலிருந்து அச்சை எடுத்து நீட்டினேன்.

"ரொம்ப நல்லா வந்திருக்கே. எப்ப எடுத்தீங்க?"

"எண்பத்திமூணு, நவம்பர் இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை."

அவள் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "நான் வண்டியை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணத்தான் வந்திருக்கேன் சார், கவரை இல்ல. மூடியைக் கழட்டுங்க."

நம்பர் மேல் பெயிண்ட் அப்பிக் கிடந்தது. உப்புத்தாளை வைத்துத் தானே சுரண்டினாள். மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, தாளை வைத்துத் தேய்த்தாள். ஒருதரம் பார்த்தாள். இன்னொரு தாளை வைத்து மறுபடி தேய்த்தாள். என் அச்சில் முடிவு எண் 0639. அவள் கையில் வந்தது 0652.

"சார், வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான வண்டிதான். ஆனா இது உங்க வண்டி இல்ல."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னைத் திருட்டு வண்டிக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். உள்ளே போய்ப் பதிவைத் தேடிவிட்டு வந்தாள். 0652 என்பது 4418-ஆம் நம்பர் வண்டி. சொந்தக்காரர் சு. ஆவுடையப்பன்.

எழுதிவிட்டேன். முப்பத்திநாலு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயரை எழுதவேண்டியதாகிவிட்டது.

"சட்டப்படி நான் இப்பவே இதைப் பிடிச்சு வைக்கணும். உங்க வயசுக்காக விடறேன். அடுத்த மாசம் இருபத்திநாலாம் தேதிக்குள்ள அவரும் அந்த வண்டியும் இங்க வரணும், ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். வரலைன்னா பதிவு ரத்து. பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றாள். அதுவரை ரோட்டில் ஓட்டவும் கூடாதாம். ரெண்டு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

ராத்திரி தூக்கம் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் மனசு துள்ளுகிறது. பின்னே? நான் அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று அரசாங்கமே பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட்டதே!

1989-ல் ஆயுத பூஜைக்கு முன்னால் ரெண்டு வண்டிக்கும் ஒரே கடையில் பெயிண்ட் அடித்தோம். அதுவரை என் வண்டி தொட்டால் ஸ்டார்ட் ஆகும். அவன் வண்டியை அவன் வைத்திருந்த லட்சணத்துக்கு, தினமும் ஆபீஸ் வாசலில் ரெண்டு பியூன் தள்ளவேண்டும். பெயிண்ட் அடித்து வந்த மறுநாளிலிருந்து எல்லாம் தலைகீழ். என் வண்டி நொண்டிக் கழுதையாகி இடப்பக்கம் இழுக்கிறது. அவன் வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது. "என்னவே, பெயிண்ட் பட்டதும் என் வண்டிக்கு ரத்தம் ஊறிட்டு பாத்தீரா" என்று வேறு சிரிப்பான். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள், டீ நேரத்தில், செக்‌ஷனில் பதினெட்டுப் பேர் இருக்கும்போது, "என் இஞ்சினைக் கழட்டி மாட்டிக்கிட்ட திருடன் நீ" என்று சொல்லிவிட்டேன்.

அவன் எழுந்து வந்தான். பையிலிருந்து சாவியை எடுத்து என் மேஜையில் வைத்தான். "எடுத்துக்கிடும்" என்றான். "திருட்டுச் சொத்து எனக்கு வேண்டாம்" என்று தள்ளிவிட்டேன். அடுத்த மாதம் அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான்.

இஞ்சின் என்ன இஞ்சின்! முழு வண்டியையே மாற்றியிருக்கிறான், ஐயா!

வடிவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "எதுக்கும் ஒங்க பழைய டைரிய ஒருதடவை பாருங்க. தும்மினா இருமினா எழுதி வைப்பீயளே" என்றாள்.

பார்க்கத்தான் போகிறேன். எல்லாம் ஆதாரம்.

அக்டோபர் 19, வியாழன்

பரணில் ஏறி 1989 டைரியை எடுத்தேன். ஒரே தூசி. தும்மல். வாசித்தேன்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வாங்கவேண்டும்.

அக்டோபர் 20, வெள்ளி

உடம்பு சரியில்லை. சாப்பிடவில்லை. வடிவு போனில் குரலைத் தணித்துப் பேசினாள்.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

வருஷா வருஷம் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து மாலை போடுவேன். இன்றைக்கு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். யார் வண்டிக்குப் போடுகிறேன்?

இனி மறைத்து என்ன செய்ய. நம் நோட்டிலேயே நாம் பொய் சொன்னால் அப்புறம் எதற்கு நோட்டு? 1989-ல் என் கையால் எழுதினதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"அக்டோபர் 7, சனி. பெயிண்டர் கடையிலிருந்து ரெண்டு வண்டியும் எடுத்தாயிற்று. ரெண்டும் தந்த நிறம். நெளிவெல்லாம் தட்டி எடுத்துவிட்டதால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. போன வாரம் நானே கழற்றிப் பேப்பரில் சுற்றி வைத்திருந்த நம்பர் போர்டுகளை நானே மாட்டினேன். பெயிண்டரை நம்ப முடியாது. ஆவு, 'எது எந்த வண்டிவே?' என்று கேட்டான். 'என்கிட்டயா கேக்கீரு? நான் விட்டது சுவரோரம்' என்றேன். மழை என்பதால் பெயிண்டர் வண்டிகளை உள்ளே தள்ளி வைத்திருந்தான். ஆவு சர்பத் வாங்கிக் கொடுத்தான்."

மழை என்பதால் உள்ளே தள்ளி வைத்திருந்தான். தள்ளின வண்டியில் சுவரோரம் எது, வெளியோரம் எது? இதையும் நானே எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மீட்டர் ரெண்டிலுமே ஓடாது. சாவியோ, தேய்ந்துபோன பின்னால் அந்தக் காலத்து ஸ்கூட்டருக்கு எதைப் போட்டாலும் திறக்கும். மூடியைக் கழற்றி நம்பரைப் பார்த்திருந்தால் முடிந்தது. எனக்குத்தான் அச்சு கவரில் பத்திரமாய் இருக்கிறதே, பிறகு எதற்குக் குனியவேண்டும்? இன்ஸ்பெக்டர்கள் குனியவில்லை என்று சிரித்தேன். நாற்பது வருஷத்தில் நானும் குனியவில்லை.

போர்டை மாட்டின கை என் கை. திருடன் என்று சொன்ன வாய் என் வாய்.

வெட்கமாக இருக்கிறது. அவன் சாவியை வைத்துவிட்டு நின்ற நிற்பு கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரெண்டு வண்டியும் ஒன்றாய்ப் பாபநாசம் போகும். என் பின்னால் வடிவு, அவன் பின்னால் அவன் வீட்டுக்காரி சாந்தா. புளியோதரை அவர்கள் வீட்டுத் தூக்கில், தயிர்சாதம் எங்கள் தூக்கில். கல்லிடைக்குறிச்சி தாண்டினதும் அவன் ஹேண்டிலை விட்டுவிட்டு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். சாந்தா முதுகில் அடிப்பாள். ஆறு வருஷம், ஒரு ஞாயிறு தப்பாது.

இந்த முப்பத்திநாலு வருஷமாய், பழி வாங்குகிற மாதிரி, அந்த நொண்டிக் கழுதையைத் தட்டிக்கொட்டிக் குதிரையாக்கினேன். என் மகள் பகவதி முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனதும் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனதும் எல்லாம் அதில்தான். அதாவது அவன் வண்டியில்.

மாலையைப் போட்டுவிட்டேன். வண்டி என்ன பாவம் செய்தது?

அக்டோபர் 27, வெள்ளி

ஏழு மணிக்கு வடிவு போனை எடுத்தாள். நான் பக்கத்தில் போய், ஒன்றும் நடக்காத மாதிரி, "ஒங்க அக்காகிட்ட கேளு, அங்க ஆவுடையப்பன்னு ஒருத்தர், ரிட்டயர்டு, எந்தத் தெருன்னு தெரியுமான்னு" என்றேன்.

"நீங்களே கேளுங்க" என்று போனை என் கையில் திணித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கீயளா? நான் சாந்தா பேசுதேன்."

ஒன்றுவிட்ட அக்காவாம்! வெள்ளிக்கிழமை தவறாமல் முப்பத்திநாலு வருஷம்! தெருமுனை எஸ்.டி.டி. பூத் காலத்திலிருந்து நடந்திருக்கிறது. பகவதி கல்யாணத்துக்கு வந்த பெயர் தெரியாத பட்டுப்புடவை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

போனை வைத்தபிறகு வடிவைப் பிடித்துக் கத்தினேன். அவள் அசரவில்லை. "ஸ்கூட்டருக்குச் சண்டை போட்டது நீங்க ரெண்டு பேரும். நாங்க பின்னால உக்காந்து வந்தவங்கதான, எங்களுக்கு என்ன?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை. போயிட்டு வாங்க. சும்மா போவாதீய, அல்வா வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

பஸ்ஸில் போனேன். வழி நெடுக என்ன பேசவேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் மன்னிப்பு. அடுத்தது விளக்கம். கடைசியில் கோரிக்கை. மனு எழுதிப் பழகின புத்தி.

வீட்டு வாசலில் ஒரு வழுக்கைத்தலைக் கிழவன் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தான். ஏணியிலிருந்து என்னைப் பார்த்தான். நேற்றுச் சாயங்காலம் விட்டுப் போனவனைப் பார்க்கிற மாதிரி, "வாரும், அந்தத் தொரட்டியைப் பிடியும்" என்றான். பிடித்தேன். என் வரிசை எல்லாம் அங்கேயே போயிற்று.

காபி வந்தது. மழையைப் பற்றிப் பேசினோம், அவன் சர்க்கரையைப் பற்றி, என் பிரஷரைப் பற்றி. ஸ்கூட்டர் என்ற சொல்லே வரவில்லை. கடைசியில் அவனே எழுந்து, "வாரும், காட்டுதேன்" என்று புறவாசலுக்குக் கூட்டிப்போனான். தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. விலக்கினான். தந்த நிறம் மங்கவில்லை. டயரில் காற்று இருந்தது. சாவியைப் போட்டு ஒரு உதை உதைத்தான். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.

எண்பத்திமூன்றில் கேட்ட சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கச் சேஸிஸ் நம்பரைப் பார்க்கிறவன் மாதிரி குனிந்தேன். மூடியை ஏற்கெனவே கழற்றிவைத்திருந்தான். 0639.

"உமக்கு எப்பத் தெரியும்?"

"தொண்ணூத்தெட்டுல. பதிவு புதுப்பிக்கணும்னு போனேன். உம்மள மாதிரி என்கிட்ட கவரா இருக்கு? மூடியைக் கழட்டி நானே தேய்ச்சேன். பாத்தா என் நம்பர் இல்ல, உம்மது. வெளியவே காட்டாம அப்படியே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் ரோட்டுல ஓட்டல."

"இருவத்தஞ்சு வருஷமாவா?"

"மாசம் ஒருநா ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். அடுத்தவன் பொருளுல்லா, கெட்டுப்போவ விடலாமா?"

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்லவே?"

அவன் தார்ப்பாயை மடித்துக்கொண்டே சொன்னான். "என்னன்னு போடச் சொல்லுதீரு? உம்ம வண்டி என்கிட்டதான் இருக்குன்னா? 'பாத்தீயளா, அப்பவே சொன்னேம்லா, திருடன்னு'ன்னு ஆபீஸ் பூரா வாசிச்சுக் காட்டியிருப்பீரு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினேழாம் தேதி இந்த நோட்டில் நான் எழுதினது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

"போர்டு மாட்டினது யாருன்னும் உமக்கு…"

"தெரியாமலா? ஸ்க்ரூ எடுத்துக் குடுத்ததே நாந்தான."

மன்னிப்பு நுனிநாக்கு வரை வந்தது. அந்த நேரம் பார்த்துச் சாந்தா உளுந்தவடையோடு வந்துவிட்டாள். வடையைத் தின்றேன். பஸ் ஏறினேன். பெட்டிக்கடையில் நின்று கையாட்டினான். இருபத்திநாலுக்குள் வண்டியோடு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

மன்னிப்புக் கேட்கவில்லை. எழுபத்திமூன்று வயதில் ஒரு வடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், தூ!

நவம்பர் 6, திங்கள்

கனியை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பி அந்த வண்டிக்குப் பிரேக், ஹாரன், வயரிங் எல்லாம் பார்க்கச் சொன்னேன். இஞ்சினில் கைவைக்க ஒன்றுமில்லையாம். "அவ்வோ ஒங்களுக்கு மேல, அண்ணாச்சி. ஓட்டாத வண்டிய இப்படி வச்சிருக்க ஆளை நான் பாத்ததில்ல" என்றான்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

விடிகாலை எண்ணெய்க் குளியல். மகள் பேசினாள். சாந்தா கொடுத்துவிட்ட அதிரசம் வந்தது. அச்சு மாதிரி அதே ருசி.

நவம்பர் 20, திங்கள்

ஆவு குட்டியானை வண்டியில் ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு ஒன்பதரைக்கே வந்துவிட்டான். என் வாழ்க்கையில் அவன் எனக்கு முன்னால் எங்கேயும் வந்ததில்லை. நான் என்னுடையதை உருட்டிக்கொண்டு போனேன். ரெண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். ரெண்டும் சேர்ந்து நின்று முப்பத்திநாலு வருஷம் ஆகிறது.

பியூலா அம்மா ரெண்டையும் ஓட்டிப் பார்த்தாள். பிரேக் பிடித்தது, லைட் எரிந்தது. ரெண்டுக்கும் குத்தவைத்து உட்கார்ந்து பென்சிலால் தேய்த்தாள். பழைய புஸ்தகத்தோடு சரிபார்த்தாள். இருபத்தைந்து வருஷம் புதுப்பிக்காததற்கு ஆவுவை அபராதம் கட்டச் சொன்னாள். "வண்டி ரெண்டும் சரி. போர்டுதான் மாறியிருக்கு. எப்படி மாறிச்சு சார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஆவு முந்திக்கொண்டான். "பெயிண்டர் மாத்தி மாட்டிட்டாம்மா. அவன் செத்தே வருஷம் ஆச்சு."

என்னைக் காப்பாற்றுகிறான். அன்றைக்குச் சாவியை வைத்தவன் இன்றைக்கும் எனக்காகப் பொய் சொல்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டுப் பேர் முன்னால் சொன்ன சொல்லை வீட்டுக் கொல்லையில் வைத்துத் திரும்ப எடுக்க முடியுமா? மைதானத்தில் ஐம்பது பேராவது நின்றார்கள்.

"பெயிண்டர் இல்லம்மா. நாந்தான்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "நான் மாத்தி மாட்டிட்டு, இந்த மனுஷனை ஊர் பாக்கத் திருடன்னு சொன்னேன். அவர் திருடன் இல்ல. தப்பு என்னோடது. ஆவு, என்னை மன்னிச்சிரும்வே."

ஆவு என் கையைப் பிடித்து இழுத்தான். "மெதுவாப் பேசும்வே. வண்டிய விட்டுட்டு உம்மளப் பிடிச்சு வச்சிரப் போறாவ" என்றான்.

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு, "போர்டை மாத்தி மாட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றாள். சிரித்தாளோ அழுதாளோ, நான் கவனிக்கவில்லை.

மரத்தடிக்கு உருட்டிப்போனோம். ஆவு, "உமக்கு அந்த வண்டிதான் வேணும்னா சொல்லும், பேரை மாத்தி எழுதிக்கிடுவோம். பிள்ளை நின்னுட்டுப் போன வண்டில்லா" என்றான். அதற்குமேல் என்ன வேண்டும் எனக்கு? "வேண்டாம்வே. உம்ம பொருளை உம்மகிட்ட குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றேன். பகவதி பிடித்துக்கொண்டு நின்ற இடத்தை ஒருதடவை தடவிக்கொடுத்தேன்.

நானே நாலு போர்டையும் கழற்றிப் புல்லில் வைத்தேன். அவன் ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்து, அன்றைக்கு மாதிரியே, எனக்கு எடுத்துக் கொடுக்கத் தயாராக நின்றான்.

"எது எந்த வண்டிவே?" என்று கேட்டான்.

ஸ்க்ரூடிரைவரை அவனிடம் நீட்டினேன். "எனக்குத் தெரியல. நீரே குனிஞ்சு பாத்து மாட்டும்."

நவம்பர் 24, வெள்ளி

வண்டி வந்து நாற்பது வருஷம். ஆர்.சி. ஐந்து வருஷத்துக்கு வந்துவிட்டது. காலையில் 4417-இல் வடிவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். "சீட்டு பழைய சீட்டு மாதிரியே இருக்கு" என்றாள். அது பழைய சீட்டுத்தான் என்றேன்.

கவரில் மிச்சமிருந்த ரெண்டு அச்சையும் இந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். அடுத்த தடவை வேண்டுமென்றால் அந்தம்மாவே குனிந்து எடுத்துக்கொள்ளட்டும்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. வடிவு எடுத்துக் காதில் வைத்தாள், உடனே என்னிடம் நீட்டினாள்.

"என்னவே, என் வண்டிய என்ன பண்ணி வச்சிருக்கீரு? ஒரே உதையில ஸ்டார்ட் ஆயிருது. தள்ள ஆள் தேட வேண்டாம், நாலு பேருட்ட பேச வேண்டாம். இது ஒரு வண்டியா?"

நான் விடுவேனா? எண்பத்திமூன்றிலிருந்து ஆரம்பித்தேன். வடிவு ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவை வந்து, "சாந்தாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றாள். கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். எட்டேகால் வரைக்கும் அவளுக்குப் போன் கிடைக்கவில்லை.